கறிவேப்பிலை, கொத்து ஒன்று

கோழித்தீவனக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில்
எட்டுக்குப் பத்து அறை.
வாடகை ஆயிரத்து இருநூறு. அதில் முந்நூறை
சிக்கந்தர் பாய் திருப்பிக் கொடுத்துவிடுவார்.
யாரிடமும் சொல்லாதே என்பார்,
அவரே புதுவயல் முழுக்கச் சொல்லிவிடுவார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஷட்டரைத் தூக்குவோம்.
அரிசி ஐந்து கிலோ, துவரம்பருப்பு அரைக்கிலோ,
எண்ணெய் ஒரு பாக்கெட், புளி, மிளகாய்.
சீனி, கேட்பவர்களுக்கு மட்டும்.
சர்க்கரை வியாதிக்காரர்கள்தான் முதலில் கேட்கிறார்கள்.

வயது அறுபத்தைந்து தாண்டியிருக்க வேண்டும்.
சோறு போடப் பிள்ளை இருக்கக்கூடாது.
இரண்டாவது விதி நான் எழுதியது.
"இருக்கான். ஆனா இல்லை" என்று
சவரியம்மாள் சொன்ன அன்று
வைட்னர் வைத்து அழித்தேன்.

ரேஷன் கடை மிஷினில் விரல் விழாதவர்கள்
எங்களிடம் பதினோரு பேர்.
வெள்ளைச்சாமி நாற்பது வருஷம்
ரைஸ்மில் களத்தில் நெல் அள்ளியவர்.
ரேகை மொத்தமும் நெல்லோடு போய்விட்டது.
"அந்த மிஷினுக்கு நான் இன்னும் பொறக்கவே இல்லை தம்பி."
இங்கே மிஷின் கிடையாது.
நோட்டு ஒன்று. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று.

வரவு எப்படியெல்லாமோ வரும்.
குருணை ஒரு சிப்பம்.
கல்யாண வீட்டில் மிஞ்சிய முழுப் பூசணி மூன்று.
மஸ்கட்டிலிருந்து ஐந்நூற்று ஒன்று, பெயர் இல்லை.
தேதி முடிந்த சத்துமாவு நாற்பது பாக்கெட்,
கொடுத்தவர் போட்டோ எடுக்கச் சொன்னார்.
மாவை மாட்டுக்கு வைத்தோம்.
போட்டோ அவரிடம் பத்திரமாக இருக்கிறது.

உமையாள் ஆச்சி வந்தது ஆவணியில்,
ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு.
ஒரு தெருவில் முன்வாசல், மறு தெருவில் பின்வாசல் உள்ள வீடு.
பதினாறு பங்கு, பதினாறு பூட்டு.
ஆச்சிக்கு ஓர் அறை, மழை பெய்தால் அரை அறை.
விற்க முடியாது. ஒரு கையெழுத்து சிட்னியில் இருக்கிறது.

நான் பையை எடுத்தேன்.
"வாங்க வரலை. கொடுக்க வந்தேன்."
செய்தித்தாள் சுருளில் கறிவேப்பிலை,
ஒரே கொத்து, ஈரம் காயவில்லை.
எழுதினேன், வரவு: கறிவேப்பிலை, கொத்து 1.
ஆச்சி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"விலை போடலையே?"
எவ்வளவு போட?
"சந்தையில அஞ்சு ரூபாய். அஞ்சுதான் போடணும்.
கூடப் போட்டா கணக்குக் கெட்டுப்போகும்."
போட்டேன்.
அதன் பிறகுதான்,
பையைப் பார்க்காமல், என்னைப் பார்க்காமல்,
சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி கேட்டார்,
"அஞ்சு ரூபாய்க்கு என்ன வரும்?"

விலை இறங்கியிருக்கு ஆச்சி,
அரிசி அஞ்சு கிலோ வரும்.

"அப்படியா" என்றார்.
"பேப்பரில் போடலையே."

யார் பார்த்தார்களோ தெரியாது.
அடுத்த வாரம் வெள்ளைச்சாமி கையில் நார்த்தங்காய்.
சவரியம்மாள் மடியில் முருங்கைக்கீரை.
ஒருவர் துருப்பிடிக்காத ஆணி எட்டு.
எல்லோருக்கும் விலை போடச் சொன்னார்கள்,
எல்லோரும் நான் எழுதுவதை எட்டிப் பார்த்தார்கள்.
ஆணிக்கு இரண்டு ரூபாய் அதிகம் என்று தகராறு.

ஐப்பசியில் விடாத மழை.
களத்தில் தண்ணீர், மில் ஓடவில்லை.
வியாழக்கிழமை ஷட்டரைத் தூக்கினால்
பலகையில் புளி மட்டும்.
முப்பத்திரண்டு பேரும் வந்தார்கள்,
குடையோடும் கீரையோடும்.
இடப்பக்கம் நிறைந்து அடுத்த தாளுக்குப் போனது.
வலப்பக்கம் வெள்ளை.

நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
மில் முதலாளி அடைக்கப்பன் முன்னால் போய் நின்றேன்.
பழைய பாக்கியே ஏழு சிப்பம்.
"எவ்வளவு வச்சிருக்கே?" என்றார்.
கூட்டிப் பார்த்தேன்.
நூற்று நாற்பத்து ஆறு ரூபாய்,
அதுவும் இலையாக, காயாக, ஆணியாக.

நூற்று நாற்பத்து ஆறுக்கு என்ன வரும்
என்று கேட்க வேண்டும்.
கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அங்கேயும் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது.
நல்ல வேளை.