கையெழுத்து

எதற்கும் சரி என்றுதான் சொல்வேன்,
அது என் கோளாறு.
மணி அடித்தால் எழுந்துவிடும் உடம்பு.
பள்ளிக்கூட மணியா, ஐஸ் வண்டி மணியா
என்றெல்லாம் பார்க்காது.

ஒன்பது சண்டை. இரண்டு தோல்வி.
ஒன்றை நடுவர்களே பங்கு பிரித்துக் கொடுத்தார்கள்.
புக்கோம் முழுக்க என் பெயர் தெரியும்,
கடன் கொடுத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.
எங்கள் ஊர்ப் பணத்துக்குச் செடி என்று பெயர்.
இதுவரை என் பையில்
அது வேர் பிடித்ததில்லை.

ஒக்காய்ஜா வந்தார்.
மீன் புகைக்கும் அடுப்புக்கு எதிர்க்காற்றில்
காரை நிறுத்தினார், சீட்டு நாறக்கூடாதாம்.
"இனி உன்னை நான் கையாளுகிறேன்" என்றார்.
முப்பத்து மூன்று சதவீதம்,
அதற்கு மேல் ஒரு மூன்றிலொரு துளி.
அந்தத் துளி எதற்கு?
சிரித்தார். வழக்கம் என்றார்.
ஷூ வாங்கித் தந்தார், அளவு கேட்காமல்.

லண்டன்காரர் ஃபோனில் வந்தார்.
நான்கு முறை மகளே என்றார்,
ஒரே ஒரு முறை என் பெயரைச் சொன்னார்,
அதுவும் வேறு யாருடையதோ.

பயிற்சியாளரின் மச்சான் காசே வேண்டாம் என்றார்.
இலவசமாக வருகிறவருக்குத்தான்
கடைசியில் அதிகம் அழவேண்டும் என்று
மூக்குடைந்த எல்லோரும் சொல்கிறார்கள்.

லாமியோர்கோர் அப்போது மானேஜரே இல்லை.
தேமா துறைமுகத்தில் சரக்குச் சீட்டு பார்ப்பவள்.
பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது,
பெட்டிக்குள் என்ன இருக்கிறது,
இரண்டுக்கும் நடுவே பதினாறு வருஷம் நின்றவள்.
ஒக்காய்ஜாவின் தாளைப் படித்துக்காட்டத்தான்
கூப்பிட்டேன். கடைசிப் பக்கத்திலிருந்து படித்தாள்.

அன்று என் கை கையுறைக்குள் இருந்தது,
ஃபோன் அவள் கையில்.
லிவர்பூலிலிருந்து அழைப்பு:
பதினோரு நாளில் சண்டை,
ஐந்து கிலோ இறக்கவேண்டும்,
நாலாயிரம் பவுண்டு.
"வரமாட்டாள்."
சொல்லிவிட்டு ஃபோனை என் பையில் போட்டாள்.
ஆறு ரவுண்டு முடியும்வரை
என்னிடம் மூச்சுவிடவில்லை.

பல்லுறையைத் துப்பினேன்.
"யாரைக் கேட்டுச் சொன்னாய்?"
"உன்னைக் கேட்டால் சரி என்றிருப்பாய்."

எனக்குப் பதில் அக்குவேலே போனாள்.
போய், ஜெயித்தாள்.
மதுக்கடை டிவி முன்னால் தெருவே கத்தியது,
நானும் கத்தினேன், வயிறு மட்டும் கூடச் சேரவில்லை.
திரும்பி வந்து ஃபிரிட்ஜ் வாங்கினாள்.
வாசலில் நுழையாமல் நிலைக்கதவைக் கழற்றினார்கள்.
ஒரு பக்கம் பிடித்துக்கொண்டவள் நான்.

மறுநாள் விடியுமுன்
லாமியோர்கோர் ஜிம்முக்கு வந்து
மூலை முக்காலியில் உட்கார்ந்தாள்,
இரண்டு ரவுண்டுக்கு நடுவே நான் உட்காரும் இடம்.
"தப்புக் கணக்கு போட்டுவிட்டேன்.
அந்த வெள்ளைக்காரியின் இடது கை
அவ்வளவு மெது என்று எனக்குத் தெரியாது.
நீ போயிருந்தால் ஜெயித்திருப்பாய்."

கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

"ஆனால் பதினோரு நாளில் ஐந்து கிலோ என்று
நாளைக்கு எவன் கேட்டாலும்
இதையேதான் சொல்வேன்."

எத்தனையோ பேர் என் மூலையில் நின்றிருக்கிறார்கள்.
தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள்,
வெற்றியில் தோள் கொடுத்திருக்கிறார்கள்,
தோல்விக்கு நடுவரைத் திட்டியிருக்கிறார்கள்.
தப்பு என்னுடையது என்று சொல்லி
அந்த முக்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை.

பன்னிரண்டு சதவீதம் கேட்டாள்.
பதினைந்து வைத்துக்கொள் என்றேன்.
அதற்கும் மாட்டேன் என்றாள்.

காலை முழுக்க மூட்டையைக் குத்திய விரல்கள்.
பேனா நிற்கவில்லை.
என் பெயர் கோணிக்கொண்டு
கோட்டுக்குக் கீழே இறங்கியது.
தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.
என்னைப் பார்த்தாள்,
தாளைப் பார்த்தாள்,
ஒவ்வொரு எழுத்தாய்ச் சரிபார்த்தாள்.