சாயத்துக்கு வராத சிவப்பு

ஹாலந்து போய்வந்த மெர்ச்சண்டைசர் கோகிலவாணி
துணி சாம்பிளோடு சாம்பிளாக
ஒரு பொட்டலம் தந்தாள்.
உள்ளே, காய்ந்த இஞ்சிபோல ஒரு கிழங்கு.
அஸ்டில்பியாம்.
நிழல் வேண்டும், எந்நேரமும் ஈரம் வேண்டுமாம்.
திருப்பூருக்கு வந்து கேட்கிறது.

அனுப்பர்பாளையத்தில் எங்கள் வீதிக்கு
நல்ல தண்ணி எட்டு நாளைக்கொருக்கா.
போர்த் தண்ணியை லேபில் அளந்தவனே நான்தான்.
டிடிஎஸ் இரண்டாயிரத்துச் சொச்சம்.
அதில் எங்கள் சாயப்பட்டறை போட்ட பங்கு எவ்வளவென்று
கணக்குப் பார்க்கவில்லை.
ஆடியில் நட்டேன்.
விரிந்த வாரமே இலையோரம் கருகிச் சுருண்டது,
சூடு பார்க்காமல் தேய்த்த காலர் மாதிரி.

குளிர்காலம் ஒன்றைத் தாண்டினால்தான் பூக்கும் என்றாள் கோகிலவாணி.
அதையும் பொட்டலம் கட்டித் தந்திருக்கலாமே என்றேன்.
பிறகு கிழங்கைத் தோண்டி
ஈர மணலில் பொதிந்து
ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தேன்,
கொத்தமல்லிக்கும் அரசாணிக்காய்க் கீற்றுக்கும் நடுவில்.
"ஒறம்பரை வந்து பாத்தா என்னன்னு சொல்றதுங்க?"
என்று கேட்ட சுகந்தாமணியே
ஒருநாள் அவசரத்தில் அதை நறுக்கப் போய்
முகர்ந்து பார்த்துத் திருப்பி வைத்தாள்.
எழுபது நாள்.

வடக்குச் சுவரோரம், வெயில் எட்டாத சந்து.
அங்கேதான் பக்கத்து வீட்டு ஏசி சொட்டும்.
எங்களுக்கு ஏசி கிடையாது.
அவர்களுக்குப் புழுங்கினால் எங்கள் செடிக்கு மழை,
ராத்திரி பத்துக்குத் தொடங்கி விடிய விடிய,
உப்பே இல்லாத மழை.
தேங்காய் மஞ்சியும் மக்கிய சாணியும் போட்டு
ஈரத்தைப் பிடித்து வைத்தேன்.
பங்குனியில் கரண்ட் போன ஓர் இரவு
முதன்முதலாக அந்த வீட்டுக்காரருக்காக வருத்தப்பட்டேன்.

உறைமேல் படத்தில் கொத்துக்கொத்தாக இருந்தது.
வந்தது ஒரே தண்டு.
தினைக்கதிர் அளவில் ஒரு சிவப்பு,
தொட்டால் விரலில் ஒட்டும்போல,
ஒட்டவில்லை.

ஷேடு கார்டைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்தேன்.
இல்லை.
ஒரு பூவை மட்டும் கிள்ளிக்கொண்டு போய்
ஷிஃப்ட் முடிந்தபின் டிப் போட்டேன்.
ஒன்று நீலத்துக்குச் சாய்ந்தது.
ஒன்று செங்கல்.
ஏழாவதை லைட் பாக்ஸில் வைத்தபோது
சூப்பர்வைசர் வேலுமணி எட்டிப் பார்த்து
"இது எந்த பையருக்குங்க?" என்றான்.
யாருக்குமில்லை.

எட்டாவதற்குள் வீட்டில் பூ பழுப்பாகிவிட்டது.
அது கார்டில் இருந்தது.
முப்பத்தொன்றாம் நம்பர்.
போன வருஷம் அதில்
நாலாயிரம் டீசர்ட் அனுப்பியிருக்கிறோம்.