ஐந்தும் ஒன்றும்

கிளெண்டைவ் அடகுக்கடையில் வாங்கினேன்,
பனிக்கலப்பை ஓட்டிய மிகைநேரப் பணத்தில்.
முந்நூற்று நாற்பது டாலர்.
"மூன்று நாள். பிடிக்காவிட்டால் கொண்டு வா"
என்றார் வெண்டல்,
யாரும் கொண்டுவந்ததில்லை என்கிற சலிப்போடு.

தானமாக வந்த மாடில்லையே,
பல்லைப் பிடித்துத்தான் பார்த்தேன்.
குழலின் நுனியில் நீலம் தேய்ந்து வெள்ளி தெரிகிறது:
தோலுறைக்குள் போய்ப் போய் வந்த இடம்.
மரப்பிடியின் இடப்பக்கம் மட்டும் வழவழப்பு,
இடது உள்ளங்கை ஒன்று
வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்திருக்கிறது.
உருளையைத் திறந்தால் ஆறு அறைகள்.
ஒன்றின் விளிம்பில்
கடுகளவு சிவப்பு.
அழுக்கென்று நகத்தால் சுரண்டினேன்.
பாதி போனது.

ஞாயிறு காலை, சரளைக்குழிச் சுடுதளம்.
டகோட்டா போய்ச் சேரும் அவசரத்தில் காற்று
காகித வட்டங்களைப் பிய்க்கப் பார்க்கிறது.
பக்கத்து மேசையில் கணவனும் மனைவியும்
ஒரே ரைஃபிளுக்குச் சண்டை,
காதடைப்பான் மாட்டியிருப்பதால்
ஊருக்கே கேட்கும்படி.
டெல்மர் சூரியகாந்தி விதைத்தோலைத் துப்பிவிட்டு
"சுடலாம்" என்றார்.

கட்டைவிரலால் குதிரையைப் பின்னுக்கு இழுத்தேன்.
இரண்டு சொடக்கு,
நல்ல வீட்டுக் கதவு தாழ்ப்பாள் விழுகிற ஓசை.
முதல் வெடி எனக்கு முன்னே போய்விட்டது,
நான் இன்னும் மூச்சை விட்டுக்கொண்டிருந்தேன்.
இரண்டு. மூன்று. வட்டத்துக்குள்.
நான்கும் ஐந்தும் தோளோடு தோள் உரசி.
ஆறாவது
வட்டத்தை மதிக்கவே இல்லை,
காகிதத்தின் வலது மூலையில் போய் நின்றது.

"கை ஆடிவிட்டது" என்றேன், கேட்காத டெல்மரிடம்.

மறுபடி ஆறு.
மறுபடி ஐந்து ஒன்றாக, ஒன்று வேற்றூர்க்காரன்.
கையைக் குற்றம் சொன்னேன், பிறகு காற்றை,
பிறகு புதுக் கண்ணாடியை,
பிறகு வெண்டலை, அவர் பற்களை, அவர் கடையின் வாசனையை.
நாளை திங்கள். திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நான்காம் சுற்றில் அலுப்பு.
உருளையை எங்கோ நிறுத்தி மூடினேன்.
(அதுவரை என்னை அறியாமலே
அந்தச் சிவப்பைக் கணக்கு வைத்து மூடியிருக்கிறேன்.)
இம்முறை ஓடியது மூன்றாவது.
அப்படியே நிறுத்தித் திறந்தேன்.
குழலுக்கு நேராக இருந்த அறை,
அதன் விளிம்பில்
நான் பாதி சுரண்டிய புள்ளி.

அது நகப்பூச்சு.

யாரோ ஓர் இடக்கைக்காரர்
எந்தக் குழியிலோ இதேபோல் நின்று
கையை, காற்றை, கடைக்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டு,
ஒரு மாலை விளக்கடியில்,
மனைவியின் குப்பியோ அவளே தானோ,
மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்திருக்கிறார்.
பட்டறைக்கு அனுப்பவில்லை.
யாரிடமும் சொல்லவும் இல்லை போல.
எனக்கு மட்டும் எழுதியிருந்தார்,
அதைத்தான் வாங்கிய அன்றே பாதி அழித்தேன்.

என் லாரியின் மூன்றாம் கியர் உருவிக்கொள்ளும்.
எனக்கு முன் ஓட்டியவர்
அதைச் சொல்லாமலே ஓய்வு பெற்றுப் போனார்.
ஒரு சரிவில், இருட்டில், நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

"ஆர்லிஸ், கடையை மூடப்போகிறேன்" என்றார் டெல்மர்.
குழல் ஆறும்வரை காத்திருந்தேன்.
பித்தளைக் கூடுகளைப் பொறுக்கினேன்.
ஒன்று இன்னும் சுட்டது.

மருந்துக்கடையில் அந்தச் சிவப்பு இல்லை.
ஆரஞ்சு இருந்தது, பனிக்கலப்பையின் நிறம்.
கிரீஸ் ஏறிய என் நகங்களைப் பார்த்து
கல்லாப் பெண் கேட்டாள், "பரிசா?"
ஆமாம் என்றேன், பொய்யில்லை.

பழையதன்மேல் பூசவில்லை.
பக்கத்தில் வைத்தேன்.
கொஞ்சம் வழிந்துவிட்டது.