நோய் ஊட்டுகிறவள்

ஞோரோவில் பொழுது சாய்ந்த பிறகுதான்
என் வேலை தொடங்கும்.
துருவைக் கரைத்து ஊசியில் எடுத்து
ஓர வரிசைக் கோதுமையின் தண்டுக்குள் ஏற்றுவேன்.
மாவ் மலையிலிருந்து பனி இறங்க வேண்டும், இலை நனைய வேண்டும்.
பூஞ்சைக்கும் உண்டு நல்ல நேரம்.

மட்டாட்டு வண்டியில் பக்கத்து இருக்கைக்காரர்
என்ன வேலை என்று கேட்டால்
பயிருக்குச் சீக்கு வைக்கிறேன் என்பேன்.
அப்புறம் நக்குரு வரை பேச்சில்லை.

மூன்று வாரம்.
மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.
அட்டையும் பென்சிலுமாக வரிசைதோறும் குனிகிறேன்.
இருபது. நாற்பது. எண்பது.
நூறு என்றால்
தண்டெல்லாம் செங்கல் பொடி,
முழங்கால்வரை காவி,
கதிருக்குள் பதர்.

நூறு எனக்குப் புதிதல்ல.
நாரோக்கில் குத்தகைக்கு எடுத்த நாலு ஏக்கரும்
ஒரு வருடம் நூறுதான்.
அறுவடை வண்டிக்காரர் வந்தார்,
இறங்காமலே திருப்பினார்.
டீசலுக்குக்கூடக் காணாது என்றார்.
உண்மைதான்.

ஐந்நூற்றுப் பன்னிரண்டாம் வரிசை.
இருபுறமும் காவி. நடுவில் அது
எதையும் கேள்விப்படாததுபோல் நிற்கிறது.
லென்ஸை வைத்தால்தான் தெரிகிறது
கடுகில் பாதிகூட இல்லாத வெளிர் புள்ளிகள்.

நோய் இல்லை, காவல் என்றான்
ஆய்வுக்கூடத்து ஒமோலோ.
துரு நுழைந்த செல்
தன்னைத்தானே கொன்றுகொள்கிறதாம்.
உயிருள்ளதை மட்டுமே தின்னத் தெரிந்த பூஞ்சை
பிணத்துக்குள் உட்கார்ந்து பட்டினி கிடக்கிறது.

அந்த மரபணு
காஸ்பியன் கரையோரத்துக் களைப்புல்லுடையது.
யாரும் விதைக்காத, யாரும் அறுக்காத புல்.
துருவோடு மல்லுக்கட்டியே பிழைத்த புல்.
அதனோடு ஏழெட்டு முறை சம்பந்தம் செய்து
சீதனமாக அந்த ஒரு துணுக்கை மட்டும்
வாங்கி வந்திருக்கிறார்கள்.
பதினோரு வருடமாகக் களை பிடுங்குகிறேன்.
எதையெதையெல்லாம் வேரோடு எறிந்தேனோ.

அட்டையில் பூஜ்யம் போட்டேன்.
வட்டத்தின் மேலேயே இன்னொரு வட்டம்.

அடுத்த பருவம்
அதே விதை, ஓரத்துத் தண்டொன்றில்
மூன்று கொப்புளம்.
துருவும் சும்மா இருக்கவில்லை.
ஒற்றைப் பூட்டுக்கு
ஒரு கள்ளச்சாவி போதும்.

இப்போது ஒரே விதைக்குள் மூன்று மரபணு வைக்கிறார்கள்.
இரண்டு, வந்ததை வாசலிலேயே முடிப்பவை.
மூன்றாவது தடுக்காது, தாமதப்படுத்தும்.
வா, ஆனால் மெதுவாக வா என்கும்.
ஒமோலோவுக்கு முதல் இரண்டின் மேல்தான் பெருமை.
எனக்கு அந்த மூன்றாவதைப் பிடித்திருக்கிறது.
துரு வந்து சேரும்போது
கதிர் முற்றியிருக்கும், மூட்டை தைத்திருக்கும்.

வேலியோரம் சித்தியெனெய் நிற்கிறார்.
போன வருடம் அவருக்கும் நூறு.
அந்த விதையில் ஒரு படி கொடேன் என்கிறார்.

ஊசியை நிரப்பிக்கொண்டே சொல்கிறேன்:
இன்னும் இரண்டு பருவம் பொறுங்கள்.
அதை நான்
இன்னும் இரண்டு முறை கொல்லப் பார்க்க வேண்டும்.