டிரான்ஸ்பார்மர் சுதி

இன்னாசிமுத்து இறந்த செய்தியில்
என் படத்தைப் போட்டுவிட்டார்கள்.
நாலு பேர் நிற்கிற பழைய போட்டோ.
வட்டம் ஓராள் தள்ளி விழுந்திருக்கிறது.
மாலையோடு ஓடிவந்த ஹெல்பர் சிங்காரவடிவேலு
மின்வாரிய ஆபீஸ் வாசலில் என்னைப் பார்த்துத் திகைத்து,
வாங்கிய மாலை வீணாகக் கூடாதென்று
டீக்கடைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டுப் போனான்.

'டெல்டாவின் இடி ஓய்ந்தது' என்று தலைப்பு.
அந்த இடிக்குப் பின்னால்
பேஸ் கிடாரோடு நின்றவன் நான்.
வாசிக்கும்போது யாருக்கும் கேட்காது.
நிறுத்தினால் தெரியும்.

எண்பத்து மூன்று. தலைஞாயிறு.
அரிச்சந்திரா நதி அங்கே வந்து சேரும்போது
ஆறாக இருக்காது, வதந்தியாக இருக்கும்.
அதனால் குழுவுக்குப் பேர் கடைமடை.
அவனுடைய முதல் கிடாரின் தடித்த கம்பி
அப்பா சைக்கிளில் உருவிய பிரேக் வயர்.
மூன்று மாதம் அந்த மனுஷன்
செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் வண்டியை நிறுத்தினார்.

சுதி சேர்க்க எங்களிடம் ஒன்றும் கிடையாது.
கடைத்தெரு முக்கில் டிரான்ஸ்பார்மர் இருந்தது.
ராத்திரி பதினொன்றுக்குமேல் ஊர் அடங்க
அதன் ங்ங்ங் துல்லியமாகக் கேட்கும்.
வேலியோரம் தலையைச் சாய்த்து நின்றவன்
"இதாண்டா நம்ம ஷட்ஜம்" என்றான்.
பிற்பாடு பம்பாயில் ஒருவர்
எங்கள் இசைத்தட்டெல்லாம்
ஏன் ஒரு மயிரிழை மேலேயே நிற்கின்றன என்று
பத்துப் பக்கம் எழுதினார்.
கலகம் என்றார், தத்துவம் என்றார்.
நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

முதல் கச்சேரி ஒரு கல்யாண வீட்டில்.
பெண்ணின் தாய்மாமன் மேடையேறி
நிறுத்தச் சொல்லி ஐம்பது ரூபாய் கொடுத்தார்.
அதுதான் முதல் சம்பளம்.

பெங்களூரில்,
"எங்க முறை எப்போ, எங்க முறை எப்போ" என்று
நாற்பது தடவை கத்தினான்.
ஆறாயிரம் பேர் கூடவே கத்தினார்கள்.
அவன் கேட்டது வாய்க்கால் முறை என்று
அந்த மைதானத்தில் தெரிந்தவர்கள் நாலு பேர்.
நாலு பேரும் மேடையில் இருந்தோம்.

அப்புறம் அவன் விமானம் ஏறினான்.
எனக்கு வாரியத்தில் ஆர்டர் வந்திருந்தது.
"கம்பத்துல ஏறப் போறியாடா?"
"நீ மட்டும் எதுல ஏறுறே?"
பதினோரு வருஷம் பேச்சு இல்லை.
இடது காது போனது ஆம்ஸ்டர்டாமில்.
கல்லீரல் எந்த ஊரில் என்று தெரியாது.
கெர்ட்ரூடு பிள்ளைகளோடு காரைக்கால் போய்விட்டாள்,
ஒரு ஈஸ்டர் திங்களன்று.

அவன் ஊர் திரும்பிய வருஷம்தான் புயல்.
தென்னை, கம்பம், கூரை எல்லாம்
ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன.
இருபத்திரண்டு நாள் கரண்ட் இல்லை.
பள்ளிக்கூட முகாமில், அரிசி வரிசைக்குப் பக்கத்தில்,
மடியில் கிடாரோடு உட்கார்ந்திருந்தான்.
கரண்ட் இல்லாத எலெக்ட்ரிக் கிடார்
கொசுவைவிடக் கொஞ்சம் பெரிய சத்தம்.
தூரத்தில் நின்று ஊர் உலகம் கேட்டவனை
முட்டி இடிக்க உட்கார்ந்து கேட்டார்கள்.
ஒரு பையன் கட்டையிலேயே காதை ஒட்டிவைத்தான்.
"இவ்வளவுதானா?" என்றாள் ஒருத்தி.
"இவ்வளவுதாங்க."
குரல் அதற்குள் உமியாகியிருந்தது.

இருபத்து மூன்றாம் நாள்
பியூஸ் கட்டையைச் செருகியது நான்.
எல்லோரும் போன் சார்ஜ் போட ஓடினார்கள்.
அவன் மட்டும் முக்குக்கு வந்து
நல்ல காதைச் சாய்த்து நின்றான், ரொம்ப நேரம்.
"எறங்கலடா" என்றான்.
அவ்வளவுதான் நாங்கள் சமாதானம் ஆனது.

அந்த டிரான்ஸ்பார்மரை மாற்றச் சொல்லி
போன மாதம் உத்தரவு வந்திருக்கிறது.
எண்ணெய் கசிகிறது, நியாயம்தான்.
காகிதம் என் மேசைமேல் கிடக்கிறது.
தினமும் அதன்மேல் டீ டம்ளரை வைக்கிறேன்.
வட்டம் வட்டமாகக் கறை.