கட்டபெட்டு தாண்டிருச்சு

வேலைக்குச் சேர்ந்த அன்று ஷைனி கேட்டாள்:
"உங்க சம்பளம் இப்ப எங்க இருக்கு?"
அருப்புக்கோட்டையில் யாரும் இப்படிக் கேட்பதில்லை.
"இன்னும் வரலைங்க" என்றேன்.
கோத்தகிரிப் பக்கத்துக் கூட்டுறவுத் தேயிலை ஆலையின்
ஆபீஸ் அறை
தகரக்கூரை அதிரச் சிரித்தது.

போகப் போக விளங்கியது.
ஒன்றாம் தேதி மலைமேல் நிற்கும் சம்பளம்
ஏழாம் தேதி அரவேணு இறங்கிவிடும்.
பதினைந்தில் குஞ்சப்பனை.
இருபது தாண்டினால் "மேட்டுப்பாளையம்" என்பார்கள்,
அதற்கு மேல் கைமாற்று கேட்பது குற்றம்.

சாப்பாட்டுக்குப் பின் பெள்ளிராஜ்
பேரேட்டின்மேல் கன்னம் வைத்தால்
"வாடல் போட்டிருக்கு, தொடாதீங்க."
காணாமல் போன ஃபைலைக் கேட்டால்
"அந்தப் பீரோல ஒரே மிஸ்ட்டு."
நகைச்சுவை புரியாத ஆளுக்குக் கரட்டு இலை.
முதல் மூன்று மாதம்
நான்தான் கரட்டு இலை.

மேலாளர் சென்னியப்பனுக்கு
காட்டுமாடு என்று பெயர்.
ஜெபகனி அக்கா வைத்தது.
பேசாமல் வந்து நிற்பார்.
மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.
கறுத்த உடம்பு, கால்களில் பளீரென்று வெள்ளை சாக்ஸ்.
விதிமுறையும் மாட்டுக்கு உள்ளதுதான்:
ஓடாதே, கண்ணைப் பார்க்காதே,
கையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு அசையாதிரு.

குன்னூரிலிருந்து ஜீப் கிளம்பினால்
வழியில் யாராவது ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள்.
"கட்டபெட்டு தாண்டிருச்சு!"
உடனே ஐந்து பேனா திறக்கும்.

அன்றைக்குப் போன் வரவில்லை.
வாட்ச்மேன் ஜோகி கவுடர்தான் கத்தினார்,
குரல் உடைந்து:
"காட்டுமாடு வந்துருச்சு, காட்டுமாடு!"

பெள்ளிராஜ் எழுந்து வாயைத் துடைத்தார்.
ஷைனி பாதி வடையை இழுப்பறைக்குள் போட்டாள்.
எல்லோரும் குனிந்தோம்.
அப்படி ஒரு உழைப்பை
அந்த அறை அதுவரை கண்டதில்லை.
வாசலில் நிழல் விழுந்தது.
மூச்சுச் சத்தம்.
யாரும் நிமிரவில்லை.
"குட்மார்னிங் சார்" என்றாள் ஜெபகனி அக்கா
பச்சை இலை ரசீதைப் பார்த்தபடியே.

பதில் இல்லை. வழக்கம்தான்.
ஏதோ மெல்லும் சத்தம் வந்தது.
அது வழக்கமில்லை.

போன் அடித்தது. நான் எடுத்தேன்.
"யோவ், கேட்டுக்கிட்ட ஜீப்ல உக்காந்திருக்கேன்.
வாசல்ல காட்டுமாடு நிக்குதுய்யா,
உள்ள எல்லாரும் என்ன பண்றீங்க?"

"எழுதிட்டிருக்கோம் சார்."

"மாடு நிக்குதுங்கறேன்!"

"தெரியும் சார்,
அதனாலதான் எழுதறோம்."

வாய் தவறிப்போன சொல்லுக்கு
ரிவர்ஸ் கியர் கிடையாது.
அந்தப் பக்கம் மௌனம்,
கொண்டை ஊசி வளைவில் லாரிக்கு வழிவிட
பஸ் ஒதுங்கி நிற்குமே, அவ்வளவு நேரம்.

இந்தப் பக்கம் ஒரு டன் உயிர்
ஷைனியின் ஜெரேனியம் தொட்டியைக் காலி செய்து,
முழங்கால்வரை வெள்ளைக் காலுறையோடு
ஆலைக்குப் பின்புறத் தேயிலைச் சரிவில்
அவசரமில்லாமல் இறங்கிப் போனது.

உள்ளே வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை.
நாற்காலியில் உட்கார்ந்து
தன் சாக்ஸையே கொஞ்சநேரம் பார்த்தார்.

மறுவாரம் காலை போன் வந்தது, அவர் குரலில்:
"தம்பி, காட்டுமாடு பேசறேன்.
கட்டபெட்டு தாண்டிருச்சுன்னு சொல்லிடு."
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

நாங்கள்தான் சிரிக்கவில்லை.
ஜெபகனி அக்கா பெருமூச்சு விட்டாள்:
"நல்ல சொல்லு. போச்சு."
இலைக்கு ஒரு ரூபாய் குறைந்தபோதுகூட
அவள் முகம் அப்படி வாடியதில்லை.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது.
நான் வைத்தது.
முதல் தடவை சொன்னபோது பெள்ளிராஜ்
தேநீர் மூக்கில் ஏறி
முழுதாக ஐந்து நிமிடம் இருமினார்.
கரட்டு இலைப் பட்டம் அன்றோடு போயிற்று.

அதை இங்கே எழுதமாட்டேன்.
உங்கள் மேசை
கண்ணாடித் தடுப்புக்கு
எந்தப் பக்கம் என்று
எனக்கெப்படித் தெரியும்?