முன்னறை

காலை ஆறரைக்கு ஜெனோவா வருவாள்,
நைட் டியூட்டி முடித்து, மஞ்சக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில்.
அவளுக்கு அயர்லாந்து போகவேண்டும்.
எனக்கு எட்டு மணிக்குள் குழம்பு வைக்கவேண்டும்.
நடுவில் நான் நோயாளி.
சோபாவில் சாய்ந்துகொண்டு
இல்லாத நெஞ்சுவலியை ஆங்கிலத்தில் சொல்கிறேன்.
எப்போதிலிருந்து? இடது கைக்குப் பரவுகிறதா?
ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி?
ஏழு என்கிறேன்.
துண்டோடு குளிக்கப் போன கணவர் நின்றுவிடுகிறார்,
நிஜமாகவா என்று.

கொரோனா வருடத்தில் பள்ளிக்கூடம் என்னை நிறுத்தியது.
இதையே நிறுத்தப்பட்டேன் என்று சொல்லிப்பாருங்கள்,
தாளாளர் வாக்கியத்தைவிட்டே இறங்கிப் போய்விடுகிறார்.
மாலை ஐந்துக்கு ஒன்பதாம் வகுப்புக்கு நான் நடத்துவது
இந்த வித்தையைத்தான்.
மூன்றாவது விசிலுக்கு உள்ளே ஓடி
அடுப்பை அணைத்துவிட்டு வந்தால்
போர்டில் எனக்கு மீசை வரையப்பட்டிருக்கிறது.
யாரால் என்றேன்.
அது வாக்கியத்திலேயே இல்லையே மிஸ்.

போர்டுக்கு மேலே அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்:
கட்டணம் ஐந்தாம் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டும்.

பூவராகன் சிப்காட்டில் ஃபிட்டர்.
அவன் உள்ளே வந்ததும் அந்த வாடையும் வந்து உட்காரும்.
ஃபேனை ஐந்தில் வைப்பேன்.
கத்தார் கம்பெனிக்கு இன்டர்வியூ.
மேனேஜரிடம் பாக்கிச் சம்பளம் கேட்பது போலப் பேசு என்றேன்.
சார், மை சேலரி வேர்?
அப்படி இல்லை தம்பி.
ஐ வாஸ் வொண்டரிங் இஃப், என்று ஆரம்பிக்கவேண்டும்.
குட் யூ, பாசிபிளி, கைண்ட்லி.
எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.
இவ்ளோ வளைஞ்சா பணம் வந்துடுமா டீச்சர்?
அன்றைக்கு அத்துடன் வகுப்பை முடித்தேன்.

அஞ்சலாட்சி மகன் ஏழாவது.
தேவனாம்பட்டினத்திலிருந்து சைக்கிளில் வருவான்,
ஹேண்டில்பாரில் சிலநாள் மஞ்சள் பை, பையில் சங்கரா.
அம்மா குடுக்கச் சொன்னாங்க.
தடைக்காலம் முடியட்டும் டீச்சர், என்றிருந்தாள் அவள்.
தடைக்காலம் முடிந்து ஐந்து மாதம்.
மீனை வாங்காமல் திருப்பி அனுப்பவும் தெரியவில்லை,
மீனைக் கணக்கில் வரவு வைக்கவும் தெரியவில்லை.
பையன் கெட்டிக்காரன். ஒருநாள் கேட்டான்:
நாம் என்றாலும் வீ, நாங்கள் என்றாலும் வீ.
அப்ப அதுல நானும் சேர்த்தியான்னு
எப்படி மிஸ் தெரியும்?
பேசுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொள் என்றேன்.
புத்தகத்தில் அப்படி இல்லை.

நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் சீக்கிரம் போய்விடுகிறார்கள்.
சுமாராகச் சொல்லிக்கொடுத்தால் வருவதே இல்லை.
இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது,
வாடகை ஒன்பதாயிரம் அங்கிருந்துதான் வரவேண்டும்.

நேற்று இரவு போன் ஒலித்தது. கத்தார்.
மூணு மாசம் நிறுத்திட்டாங்க டீச்சர்.
நீங்க சொன்ன மாதிரியே வொண்டரிங் எல்லாம் போட்டு
ரெண்டு மெயில் அனுப்பினேன், பதிலே இல்ல.
நேரா போய் மை சேலரி வேர்னு நின்னேன்.
வியாழக்கிழமை போட்டுட்டாங்க.
உங்களுக்கு ரெண்டு மாசம் பாக்கி இருந்ததில்ல,
அனுப்பிட்டேன், பாருங்க.
பார்த்தேன். ஆயிரத்து அறுநூறு.

அந்தத் தெம்பில்
பெற்றோர் குரூப்பைத் திறந்து அடித்தேன்:
அன்பான பெற்றோர்களே.
அழித்தேன்.
பாக்கி வைத்திருப்பவர்கள்.
அழித்தேன்.
என் பணம் எங்கே.
அதை மட்டும் கொஞ்சநேரம் அழிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நல்ல வாக்கியம். மூன்றே சொல்.

அதற்குள் மேலே ஒரு செய்தி வந்து விழுந்தது, அஞ்சலாட்சி.
ஹார்பரில் மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்க,
கலெக்டர் லீவு விட்டுட்டாரு.
நாளைக்கு நம்ம கிளாஸ் உண்டா டீச்சர்?

நம்ம.

அழித்துவிட்டு அடித்தேன்:
உண்டு.